அம்மாவுக்கு ஐந்து மருத்துவர்கள்: மருந்துகளுக்கு யார் பொறுப்பு?

கடிதம் சுருக்கமாக

பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி ஒருவர் தன் அம்மாவைப் பற்றி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அம்மாவுக்கு 68 வயது. சர்க்கரை நோய் வந்து 18 ஆண்டுகள் ஆகின்றன, ரத்தக்கொதிப்பும் கிட்டத்தட்ட அதே காலமாக இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு முன் மாரடைப்பு வந்து, இதய ரத்தக்குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் வைத்தார்கள். சிறுநீரகம் தளரத் தளர ரத்தத்தில் ஏறும் கிரியாட்டினின் இரண்டு ஆண்டுகளாக 1.4ல் நின்றிருந்தது. நெடுநாள் பழகிய குடும்ப மருத்துவர் ஒருவர் உண்டு. அவர் போக இதய மருத்துவர், சிறுநீரக மருத்துவர், சர்க்கரை மருத்துவர், மூட்டுவலிக்கு எலும்பு மருத்துவர். மொத்தம் 13 வகை மாத்திரைகள்.

சிக்கல் ஆரம்பித்தது முழங்கால் வலியில். எலும்பு மருத்துவர் வலி மாத்திரை எழுதிக் கொடுத்தார். இரண்டு வாரத்தில் முகம் வீங்கி, சாப்பாடு பிடிக்காமல், சிறுநீர் குறைந்து, கிரியாட்டினின் 2.6 ஆகிவிட்டது. மருத்துவமனையில் சேர்த்து, வலி மாத்திரையை நிறுத்தி, டெல்மிசார்ட்டன் என்ற பிபி மாத்திரையையும் "தற்காலிகமாக" நிறுத்தினார்கள். கிரியாட்டினின் 1.7க்கு இறங்கியதும் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இப்போது வீட்டில் மூன்று கட்சி. "இனி அந்தக் குடும்ப டாக்டரே வேண்டாம், ஸ்பெஷலிஸ்டுகள் போதும்" என்கிறார் அண்ணன். "எனக்கு அவர் ஒருத்தர் போதும், மற்றவர்கள் வேண்டாம்" என்கிறார் அம்மா. பாதி மாத்திரைகளையாவது தானே நிறுத்திவிடலாமா என்று வாசகி யோசிக்கிறார். குடும்ப மருத்துவரிடம் கேட்டால் "இதய மருந்துகளை நான் தொட மாட்டேன்" என்கிறார், இதய மருத்துவர் சிறுநீரக மருத்துவரைக் கேட்கச் சொல்கிறார், சிறுநீரக மருத்துவர் "இதையெல்லாம் யார் எழுதியது?" என்கிறார். அம்மா பகலிலும் தூங்கி வழிகிறார், விடியற்காலையில் இரண்டு முறை வியர்த்துக் கொட்டியது, அது இதயக் கோளாறாக இருக்குமோ என்ற பயம் வேறு. எல்லா மருந்துச்சீட்டுகளையும் பார்த்து மருந்துகளின் பெயரை ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பியிருக்கிறார். அந்தப் பட்டியல் மிகவும் உதவியது.

அன்புள்ள வாசகிக்கு,

நீங்கள் கேட்ட பெரிய கேள்விக்குப் போகும் முன், உங்கள் பட்டியலில் நான் பார்த்த மூன்று விஷயங்களை உடனே கவனிக்க வேண்டும். அம்மாவை நான் நேரில் பார்க்கவில்லை. அதனால் இவற்றை அவரைப் பார்க்கும் மருத்துவர்களிடம் நீங்கள் எடுத்துச் செல்ல வேண்டிய கேள்விகளாக எடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் தள்ளிப் போடாதீர்கள்.

ஒன்று, நிறுத்தச் சொன்ன டெல்மிசார்ட்டன் இன்னும் நிற்கவில்லை. குடும்ப மருத்துவர் எழுதிய டெல்மிசார்ட்டனை நிறுத்திவிட்டீர்கள், சரி. இதய மருத்துவர் எழுதிய மாத்திரைக்கு வேறு பெயர், வேறு நிறம், வேறு கம்பெனி. ஆனால் அதற்குள் இருப்பதும் டெல்மிசார்ட்டன்தான், கூடவே ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற நீர் மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. அட்டையைத் திருப்பி, கம்பெனிப் பெயருக்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதைப் படித்துப் பாருங்கள். அப்படியானால், மருத்துவமனைக்குப் போகும் முன்பு அம்மா இதே மருந்தை இரண்டு பெயரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நாளைக் காலை, அந்த மாத்திரையைக் கொடுக்கும் முன்பே சிறுநீரக மருத்துவரைக் கூப்பிட்டு அட்டையில் உள்ளதைப் படித்துக் காட்டுங்கள். வீட்டில் பிபி பார்க்கும் கருவி இருந்தால் அளவையும் சொல்லுங்கள். இதை நிறுத்தினால் பிபி ஏறலாம், அதற்கு மாற்று என்ன என்பதையும் அவரே சொல்ல வேண்டும்.

இரண்டு, மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரை. காலையில் 1000, இரவில் 1000 மில்லிகிராம் என்று எழுதியிருக்கிறீர்கள். கிரியாட்டினின் 1.7 என்றால் கேட்கச் சின்ன எண்ணாகத்தான் தெரியும். ஆனால் வயது 68, பெண் என்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால் ஈஜிஎஃப்ஆர் எனப்படும் சிறுநீரக வடிகட்டும் திறன் 32, 33 என்ற அளவில்தான் வருகிறது. ஈஜிஎஃப்ஆர் 45க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினைப் பாதியாகக் குறைப்பதும், 30க்குக் கீழே போனால் நிறுத்துவதும் வழக்கம். கிரியாட்டினின் 1.4 இருந்தபோதே அம்மாவின் ஈஜிஎஃப்ஆர் 41 போலத்தான் இருந்திருக்கும். அதாவது இரண்டு ஆண்டுகளாகவே இந்த அளவு அதிகம். அந்த ரிப்போர்ட் சிறுநீரக மருத்துவரின் ஃபைலில் இருந்தது. மாத்திரையை எழுதியவர் சர்க்கரை மருத்துவர்.

மூன்று, விடியற்காலை வியர்வை. இதயமாகவும் இருக்கலாம், நெஞ்சில் அழுத்தமோ மூச்சுத் திணறலோ சேர்ந்து வந்தால் யோசிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஆனால் என் முதல் சந்தேகம் தாழ் சர்க்கரை மீது. அம்மா கிளிமிபிரைடு என்ற சர்க்கரை மாத்திரையும் சாப்பிடுகிறார். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு இந்த மருந்தும் சரி, உடலில் சுரக்கும் இன்சுலினும் சரி, சீக்கிரம் வெளியேறாது, அதனால் சர்க்கரை எதிர்பாராமல் இறங்கிவிடும். இன்னொன்றையும் கவனியுங்கள். இதய மருத்துவர் கொடுக்கும் மெட்டோப்ரோலால், சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் மறைத்துவிடும். வியர்வையை மட்டும் மறைக்காது. அடுத்த முறை வியர்த்தால் உடனே குளுக்கோமீட்டரில் பாருங்கள். 70க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுத்து, கால் மணி நேரம் கழித்து மறுபடி பாருங்கள். மயங்கிய நிலையில் இருந்தால் வாயில் எதையும் ஊற்ற வேண்டாம், அவசர சிகிச்சைக்குக் கொண்டுபோக வேண்டும். மூன்று மாதச் சர்க்கரை 6.4 என்று சர்க்கரை மருத்துவர் பாராட்டியதாக எழுதியிருக்கிறீர்கள். இதயமும் சிறுநீரகமும் பாதித்த இந்த வயதுக்காரருக்கு 7.5 முதல் 8 வரை இருந்தாலே போதும் என்றுதான் நான் நினைப்பேன். தாழ் சர்க்கரையோடு கிடைக்கும் 6.4ஐ விட அது பாதுகாப்பானது. வியர்த்த நேரத்து அளவை எழுதிக்கொண்டு போய் அவரிடம் காட்டுங்கள்.

இதில் யார் தவறு?

உங்கள் கடிதத்தில் கோபம் தெரிகிறது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரும் என்ன செய்தார் என்று தனித்தனியே பாருங்கள். சர்க்கரை நோயாளிக்கு பிபி இருந்தால் டெல்மிசார்ட்டன் நல்ல தேர்வு. மாரடைப்புக்குப் பிறகு இதய மருத்துவரும் அதே வகை மருந்தை நினைத்தது சரியே. கால் வீக்கத்துக்கு நீர் மாத்திரை கொடுப்பதும் உண்டு. நடக்க முடியாமல் வலிக்கிறது என்று வந்தவருக்கு எலும்பு மருத்துவர் வலி மாத்திரை கொடுத்தார். நான்கும் ஒரே உடம்புக்குள் போனபோதுதான் விபரீதம்.

சிறுநீரகத்தின் வடிகட்டிக்குள் ரத்தம் ஒரு குழாய் வழியாக வந்து இன்னொரு குழாய் வழியாக வெளியேறுகிறது. தேவைப்படும்போது உள்ளே வரும் குழாயை உடல் விரித்துக் கொடுக்கும். அதை அம்மா சாப்பிட்ட வகை வலி மாத்திரை (பாராசிட்டமால் வேறு வகை) தடுக்கிறது. வெளியேறும் குழாயை டெல்மிசார்ட்டன் தளர்த்துகிறது. நீர் மாத்திரை உடம்பில் ஓடும் நீரையே குறைக்கிறது. மூன்றும் சேர்ந்தால் வடிகட்டிக்குள் அழுத்தம் விழுந்துவிடும். வயதானவர்களுக்குத் திடீரென்று சிறுநீரகம் செயலிழக்க இந்த மூன்றின் கூட்டு ஒரு முக்கியமான காரணம், மருத்துவப் படிப்பிலேயே சொல்லித் தருகிற விஷயம். எலும்பு மருத்துவருக்கும் அது தெரியும். ஆனால் மற்ற இரண்டு மாத்திரைகள் அம்மாவின் பையில் இருப்பது அவருக்குத் தெரியவில்லை.

இதிலிருந்து உங்கள் வீட்டில் ஒரு தவறான முடிவும் எடுத்துவிட்டீர்கள்: "கிட்னியைக் கெடுத்த அந்த டெல்மிசார்ட்டன் இனி ஜென்மத்துக்கும் வேண்டாம்." அப்படி முடிவு கட்டாதீர்கள். சிறுநீரில் புரதம் போகும் சர்க்கரை நோயாளிகளுக்குச் சிறுநீரகத்தைக் காப்பாற்றுவதே இந்த வகை மருந்துதான். நெருக்கடியில் நிறுத்துவது சரி. நிலைமை சீரானதும் சரியான அளவில், ஒரே ஒரு பெயரில், திரும்பத் தொடங்க வேண்டியிருக்கலாம். தொடங்கி ஒன்று இரண்டு வாரத்தில் கிரியாட்டினினும் பொட்டாசியமும் பார்க்க வேண்டும். கிரியாட்டினின் 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக ஏற்றுக்கொள்வோம், அதற்கு மேல் போனால் காரணம் தேடுவோம். டிஸ்சார்ஜ் சம்மரியில் "தற்காலிகமாக நிறுத்தம்" என்று இருக்கிறது, யார் எப்போது திரும்பத் தொடங்குவார் என்று இல்லை. இப்படி அந்தரத்தில் விடப்படும் மருந்துகளை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

மைக்கேல் பாலிண்ட் என்ற மருத்துவர் 1950களில் லண்டனில் குடும்ப மருத்துவர்களோடு குழுவாக உட்கார்ந்து அவர்களுடைய நோயாளிகளைப் பற்றித் தொடர்ந்து பேசிவந்தார். அப்போதே அவர் ஒன்றைக் கவனித்துச் சொன்னார்: நோயாளி ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு அனுப்பப்பட்டுக்கொண்டே இருக்கும்போது, முக்கியமான முடிவுகள் எடுக்கப்படுகின்றன, ஆனால் எடுத்தவர் யார் என்று தேடினால் யாரும் இருப்பதில்லை. உங்கள் அம்மாவுக்கு நடந்திருப்பது அதுவே. நான் இவ்வளவு நீளமாக எழுதுவதும் ஒரே ஒரு விஷயத்துக்காக: அம்மாவின் முழு மருந்துப் பட்டியலையும் தன் பொறுப்பாக ஏற்கும் மருத்துவர் ஒருவர் வேண்டும். ஸ்பெஷலிஸ்டுகள் எத்தனை பேர் இருந்தாலும் அந்த ஒருவருக்கு அவர்கள் ஈடாக மாட்டார்கள்.

அண்ணன் சொல்வதும் அம்மா சொல்வதும்

அண்ணனின் யோசனையில் ஒரு நல்ல அம்சம் உண்டு. எல்லா ஸ்பெஷலிஸ்டுகளும் ஒரே மருத்துவமனையில் இருந்தால், ஒரே கணினியில் எல்லா ரிப்போர்ட்டும் இருக்கும். அவசரத்தில் அது பெரிய உதவி. ஆனால் ரிப்போர்ட் கணினியில் இருப்பது வேறு, ஒருவர் அதையெல்லாம் சேர்த்துப் படித்து "இந்த 13ல் எது தேவை?" என்று கேட்பது வேறு. ஒவ்வொரு துறையும் தன் பக்கத்தை மட்டும் திறந்து பார்த்து மூடும் மருத்துவமனைகளும் உண்டு. அப்புறம், இருமலுக்கும் தலைசுற்றலுக்கும் யாரிடம் போவது? தலைசுற்றல் பிபி மாத்திரையாலா, சர்க்கரை இறங்கியதாலா, காதுக் கோளாறா என்று தெரியாத நிலையில் எந்த ஸ்பெஷலிஸ்டிடம் போவது என்று நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டியிருக்கும். அது உங்கள் தலையில் ஏற்றக்கூடாத சுமை.

நீண்ட காலம் ஒரே மருத்துவரிடம் இருப்பதை உணர்ச்சிவசப்பட்ட பழக்கம் என்று அண்ணன் நினைப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நார்வேயில் லட்சக்கணக்கானோரின் பதிவுகளை ஆராய்ந்து 2022ல் வெளியான ஆய்வு ஒன்றை அவரிடம் சொல்லுங்கள். ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்கள், ஓராண்டு மட்டும் இருந்தவர்களோடு ஒப்பிட்டால், அவசரமாக மருத்துவமனையில் சேர்வது 28 சதவீதமும் இறப்பு 25 சதவீதமும் குறைவாக இருந்தது. இது மருத்துவரால் மட்டுமே வந்த பலன் என்று அடித்துச் சொல்ல முடியாது, மற்ற காரணங்களும் கலந்திருக்கும். ஆனாலும் தூக்கிப் போட்டுவிடக்கூடிய எண்கள் இல்லை.

அம்மா சொல்வது போல மற்ற எல்லோரையும் விட்டுவிடுவதும் ஆபத்துதான். ஈஜிஎஃப்ஆர் 30ஐ நெருங்கும் ஒருவர் சிறுநீரக மருத்துவரின் பார்வையில் கட்டாயம் இருக்க வேண்டும். ஸ்டென்ட் வைத்தவரின், ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்துகளை இதய மருத்துவர் இல்லாமல் மாற்றக்கூடாது.

குடும்ப மருத்துவர் "தொட மாட்டேன்" என்றதை அலட்சியம் என்று நீங்கள் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அவருடைய பக்கத்திலிருந்தும் பாருங்கள். இதய மருத்துவர் எதற்காக, எவ்வளவு காலத்துக்கு ஒரு மருந்தை எழுதினார் என்று சொல்லும் ஒரு வரிக் கடிதம்கூட அவருக்கு வந்ததில்லை. காரணம் தெரியாத மருந்தைத் தொடாமல் இருப்பது எச்சரிக்கை. அந்தக் காரணங்களை அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, நேரடியாகக் கேளுங்கள்: "அம்மாவுடைய எல்லா மருந்துக்கும் நீங்கள் ஒருங்கிணைப்பாளராக இருப்பீர்களா?" ஒப்புக்கொண்டால் அவரை விடாதீர்கள். முடியாது என்றால் வருத்தப்படாமல், பொது மருத்துவர் அல்லது முதியோர் மருத்துவர் ஒருவரை அதற்கென்று தேடுங்கள்.

எந்த வேலை யாருக்கு?

நான் இதை உறுப்பு வாரியாகப் பிரிக்க மாட்டேன். இதயம் இவருக்கு, சிறுநீரகம் அவருக்கு என்று பிரித்ததால்தான் இவ்வளவும் வந்தது. இப்போது மருந்துகளே அந்த எல்லையை மதிப்பதில்லை. எம்பாகிளிஃப்ளோசின், டாபாகிளிஃப்ளோசின் போன்றவை சர்க்கரை மாத்திரைகளாக வந்தன, இன்று இதயம் தளர்ந்தவர்களுக்கும் சிறுநீரக நோயாளிகளுக்கும் அவற்றைக் கொடுக்கிறோம். அம்மாவுக்குப் பொருந்துமா என்பதை நிலைமை சீரான பிறகு கேட்கலாம், இப்போது அவசரமில்லை.

வேலை வாரியாகப் பிரிப்பதுதான் நடைமுறையில் நிற்கும். மாதாமாதம் பிபி, எடை, கால் வீக்கம் பார்ப்பது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை சர்க்கரை, கிரியாட்டினின், பொட்டாசியம் பார்ப்பது, தடுப்பூசிகள், காய்ச்சல், வயிற்றுப்போக்கு எல்லாம் குடும்ப மருத்துவரிடம். ஸ்பெஷலிஸ்ட் எழுதும் எந்தப் புது மாத்திரையும் அவருடைய பட்டியலில் ஏறிய பிறகே வீட்டு மாத்திரைப் பெட்டிக்குள் போக வேண்டும், உயிர் அவசரம் தவிர. சிறுநீரக மருத்துவரிடம் கேட்டு வாங்க வேண்டியது ஓர் எல்லைக் கோடு: "கிரியாட்டினின் எவ்வளவு ஏறினால், பொட்டாசியம் எவ்வளவு ஆனால் உங்களிடம் வர வேண்டும்?" இதய மருத்துவரிடமும் அப்படியே. புதிதாக நெஞ்சுவலி, படுத்தால் மூச்சுத் திணறல், இரண்டு மூன்று நாளில் கிடுகிடுவென எடை ஏறுவது என்று அவரவர் சொல்வதை எழுதி வாங்குங்கள். எல்லை தாண்டாதவரை குடும்ப மருத்துவர், தாண்டினால் ஸ்பெஷலிஸ்ட்.

எல்லோரும் "இன்னொருவர் பார்த்திருப்பார்" என்று நினைத்து யாருமே பார்க்காமல் விட்டுப்போகும் மூன்றும் உண்டு: கண்ணின் விழித்திரை, சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம், கால் பாதம். சர்க்கரை நோயாளிக்கு இவை ஆண்டுக்கு ஒரு முறையாவது வேண்டும். ஐந்து மருத்துவர்களில் ஒருவராவது கடந்த ஓராண்டில் அம்மாவின் காலுறையைக் கழற்றச் சொல்லி, விரல் இடுக்குகளைப் பார்த்து, பாதத்தில் தொடு உணர்ச்சி இருக்கிறதா என்று சோதித்தாரா? அம்மாவிடமே கேளுங்கள். இல்லை என்றால் அடுத்த முறை போகும்போது நீங்களே ஞாபகப்படுத்துங்கள்.

பட்டியல் எப்படி இருக்க வேண்டும்?

நீங்கள் எனக்கு அனுப்பியதே பாதி வேலை. அதில் கம்பெனிப் பெயருக்குப் பக்கத்தில் மருந்தின் உண்மைப் பெயரைச் சேருங்கள். இது செய்தவுடனே இரட்டை மருந்துகள் தாமாக வெளியே வந்துவிடும், டெல்மிசார்ட்டன் வந்தது போல. பிறகு ஒவ்வொன்றுக்கும் நேரே அளவு, யார் தொடங்கினார், எப்போது, எதற்காக, எப்போது மறுபரிசீலனை என்று எழுதுங்கள். "எதற்காக" என்ற இடத்தில் பதில் தெரியாவிட்டால் காலியாக விடுங்கள். மருத்துவரோடு பேச வேண்டியவை அந்தக் காலி இடங்கள்தான். மருந்துச்சீட்டில்லாமல் கடையில் வாங்கும் வலி மாத்திரை, வயிற்று மருந்து, சத்து மாத்திரை, நாட்டு மருந்து எல்லாம் அதில் வர வேண்டும். பட்டியலின் தலையில் சிவப்பு மையில் எழுதுங்கள்: சிறுநீரக பாதிப்பு, ஈஜிஎஃப்ஆர் இவ்வளவு, இந்தத் தேதியில்; பாராசிட்டமால் தவிர வலி மாத்திரை கூடாது.

அம்மாவின் பட்டியலிலேயே ஒரு சங்கிலி எனக்குத் தெரிகிறது. அம்லோடிபின் என்ற பிபி மாத்திரை 10 மில்லிகிராம் தொடங்கிய சில மாதங்களில் கணுக்கால் வீக்கம். வீக்கத்துக்கு ஃப்ரூசமைடு என்ற நீர் மாத்திரை. அம்லோடிபினுக்கே கணுக்கால் வீக்கம் உண்டு, அளவு கூடினால் அதுவும் கூடும், நீர் மாத்திரைக்கு அவ்வளவாக அடங்காது. எலும்பு மருத்துவர் நரம்பு எரிச்சலுக்குக் கொடுத்த பிரிகாபலினும் வீக்கம் தரும். சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அதன் அளவைக் குறைக்காவிட்டால் பகல் தூக்கமும் தள்ளாட்டமும் வரும். நீங்கள் சொன்ன "தூங்கி வழிகிறார்" என்பதற்கு அது காரணமா என்று கட்டாயம் கேளுங்கள். வீக்கம் இதயத்தாலோ சிறுநீரகத்தாலோகூட வரலாம், அதனால் பரிசோதித்துத்தான் முடிவுக்கு வர வேண்டும். ஆனால் ஒரு மருந்தின் பக்கவிளைவைப் புது நோயாக எடுத்துக்கொண்டு இன்னொரு மருந்து சேர்க்கப்படுகிறதா என்று ஒருவர் திரும்பிப் பார்த்தால், 13 என்பது 9 ஆகவோ 10 ஆகவோ குறைய இடமிருக்கிறது.

நீங்களே நிறுத்தலாமா?

கூடாது. உங்கள் எண்ணத்துக்குக் காரணம் புரிகிறது, ஆனால் எந்தப் பாதியை நிறுத்துவீர்கள்? மெட்டோப்ரோலாலைத் திடீரென நிறுத்தினால் நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரல் இரண்டையும் நீங்களாக நிறுத்தினால் ஸ்டென்ட் அடைபடும் அபாயம் இருக்கிறது. பல் பிடுங்குவதற்காகக்கூட இதய மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. அதே சமயம் கேட்பதில் தவறே இல்லை. மாரடைப்புக்குப் பின் இந்த இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது பொதுவாக 12 மாதம். அம்மாவுக்கு மூன்று ஆண்டு ஆகிவிட்டது. தொடர்வதற்குத் தனிக் காரணம் இருக்கலாம், அல்லது யாரும் நிறுத்தச் சொல்லாததால் ஓடிக்கொண்டிருக்கலாம். "இது இன்னும் தேவையா, தேவையென்றால் எது வரை?" என்று கேளுங்கள்.

நிறுத்துவது பற்றி முன்கூட்டியே எழுதி வாங்க வேண்டியது வேறொன்று. வாந்தி, வயிற்றுப்போக்கு, கடும் காய்ச்சலில் உடம்பு வற்றிப்போகும் நாட்களில் மெட்ஃபார்மின், டெல்மிசார்ட்டன் வகை, நீர் மாத்திரைகள் ஆகியவற்றைத் தற்காலிகமாக நிறுத்தச் சொல்வோம். எவற்றை, எத்தனை நாள், எப்போது திரும்ப என்று குடும்ப மருத்துவர் ஒரு தாளில் எழுதித் தரட்டும். நடு இரவில் அது உங்களுக்கு உதவும்.

"ஸ்பெஷலிஸ்ட் கோபித்துக்கொண்டால்?"

குடும்ப மருத்துவரைப் பார்ப்பதை இதய மருத்துவரிடம் மறைத்து வந்ததாக எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து இனி மறைக்காதீர்கள். டெல்மிசார்ட்டன் இரண்டு முறை எழுதப்பட்டதற்கு அந்த மறைப்பும் ஒரு காரணம். நீங்கள் யாரிடமும் சலுகை கேட்கவில்லை. உலக மருத்துவச் சங்கம் 1981ல் லிஸ்பனில் வெளியிட்டு, பின்னர் திருத்திய நோயாளிகளின் உரிமைப் பிரகடனம், சிகிச்சையின் எந்தக் கட்டத்திலும் இன்னொரு மருத்துவரின் கருத்தைக் கேட்பதும் தன் மருத்துவப் பதிவில் உள்ளதை அறிவதும் நோயாளியின் உரிமை என்கிறது. அதோடு, ஒரு நோயாளியைப் பார்க்கும் மற்றவர்களோடு ஒத்துழைத்து சிகிச்சையை ஒருங்கிணைப்பது மருத்துவரின் கடமை என்றும் சொல்கிறது. அது தொழில் நெறி, சட்டமில்லை. சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். ஆனால் மருத்துவர்கள் எங்களுக்கு நாங்களே வைத்துக்கொண்ட நெறி.

சண்டையாகக் கேட்க வேண்டியதில்லை. "டாக்டர், எங்கள் குடும்ப மருத்துவருக்கு இரண்டு வரி எழுதித் தர முடியுமா? என்ன மாற்றினீர்கள், ஏன், அடுத்து என்ன பார்க்க வேண்டும் என்று" எனக் கேளுங்கள். மிகப் பெரும்பாலானவர்கள் எழுதுவார்கள். நேரமில்லை என்றால் நீங்களே அவர் முன்னால் எழுதி, படித்துக் காட்டி, சரிதானா என்று கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டு மருத்துவர்கள் இரண்டு விதமாகச் சொன்னால் ஒருவர் தவறு என்று உடனே முடிவு கட்டாதீர்கள். இதயத்துக்காக நீர் மாத்திரையைக் கூட்டச் சொல்வதும் சிறுநீரகத்துக்காகக் குறைக்கச் சொல்வதும் இரண்டுமே நியாயமாக இருக்கும். அப்போது நீங்கள் தூது போகக் கூடாது. "நீங்கள் இருவரும் ஒரு முறை போனில் பேசிவிடுகிறீர்களா?" என்று கேட்டு எண்ணைக் கொடுங்கள்.

கடைசியாக ஒன்று. சர்க்கரை, பிபி, கிரியாட்டினின் என்று எல்லா எண்களும் உங்கள் கடிதத்தில் இருக்கின்றன. அம்மாவுக்கு என்ன வேண்டும் என்பது ஒரே ஒரு வரியில்தான் இருக்கிறது: "நடக்க முடிந்தால் போதும் என்கிறார்." வலி மாத்திரையை நிறுத்திய பிறகு அந்த முழங்காலை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். இப்படியே விட்டால், தாங்க முடியாத ஒரு நாளில் அவரே கடையில் வாங்கிப் போட்டுக்கொள்வார். சிறுநீரகம் பாதித்தவர்களுக்கும் உரிய அளவில் பாராசிட்டமால் கொடுக்கலாம். தொடைத் தசையை வலுப்படுத்தும் பயிற்சிகள் மெதுவாகத்தான் பலன் தரும், ஆனால் தரும். இயன்முறை மருத்துவரிடம் கற்றுக்கொள்ளலாம். மேலே தடவும் மருந்து, மூட்டில் போடும் ஊசி ஆகியவையும் உண்டு, அவற்றைச் சிறுநீரக மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு முடிவு செய்யலாம். ஆகவே எலும்பு மருத்துவரிடம் திரும்பப் போங்கள். போகும்போது புதுப் பட்டியலையும் கிரியாட்டினின் ரிப்போர்ட்டையும் முதலில் அவர் மேஜையில் வையுங்கள், முழங்காலைப் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு தொடங்கட்டும்.